சுவரில் பதினோரு பொட்டு

"இளைய வழக்கறிஞர்களே" என்று தொடங்கினால் நீங்கள் கைப்பேசியை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வயதில் நானும் அப்படித்தான். அப்போது கைப்பேசி இல்லாததால் செய்தித்தாளின் குறுக்கெழுத்துப் பக்கம். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்றவள்தானே, நீங்கள் ஜெயித்த ஒரு வழக்கைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஜெயித்த கதையை எல்லாரும் எழுதுவார்கள். நான் கெடுக்கப் பார்த்த ஒரு வழக்கைப் பற்றி எழுதுகிறேன். அதை என்னிடமிருந்து காப்பாற்றியவர்களில் ஒருத்தி இன்று உங்களுக்கே முதலாளி. பெயரைச் சொன்னால் அடிக்க வருவாள். இந்தக் கதையில் அவள் வெறும் ஜூனியர்.

லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் கூட்டத்தில் நீந்திப் போக இருபது நிமிடம். அங்கே இரண்டு மாடிக் கடைவீடு ஒன்று. கீழே பூஜைச் சாமான் கடை: குங்குமம், சந்தனம், சூடம், பித்தளை விளக்கு. கடையும் கட்டடமும் கதிரேசன் என்பவருடையவை. அறுபத்தைந்து வயது இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய முருகா.

மேல் மாடியில் வாடகைக்கு இருந்தவர் வசந்தா. ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் முறிந்து, வீவக என்னும் அரசு அடுக்குமாடி வீட்டை விற்றுப் பங்கு பிரித்த பிறகு, இரண்டு பெட்டியும் ஒரு தையல் மெஷினுமாக அந்த மாடிப்படியில் ஏறியவர். பதினோரு வருடமாக அங்கேதான் சமையல், அங்கேதான் தூக்கம், அங்கேதான் தையல். அந்த வட்டாரத்தில் அவர் தைக்கும் ரவிக்கைக்குத் தனி மதிப்பு. கையை எப்படித் தூக்கினாலும் தோளில் பிடிக்காது.

வாடகை ஒப்பந்தத்தில் "குடியிருப்புக்கு மட்டும்" என்று ஒரு வரி இருந்தது. எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிற வரிதான். யாரும் அதைக் கவனித்ததில்லை, முழுக் கட்டடத்தையும் குத்தகைக்குக் கேட்டு ஒரு தங்கும் விடுதிக்காரர் வரும்வரை. வசந்தாவின் ஒப்பந்தம் முடிய அப்போது இன்னும் பதினாறு மாதம் பாக்கி. அதற்கு முன் அவரைக் கிளப்ப வேண்டுமானால் ஒரு குற்றம் வேண்டும். கதிரேசனின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது: வசந்தா வீட்டைத் தையல் கடையாக மாற்றிவிட்டார், தீபாவளி நேரத்தில் மாடிப்படி முழுக்க வாடிக்கையாளர், உரிமையாளருக்கு இது சென்ற ஆண்டுதான் தெரிய வந்தது, ஒப்பந்தம் மீறப்பட்டது, மாதக் கடைசிக்குள் காலி செய்க.

அந்தக் கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வசந்தா என் முன்னால் உட்கார்ந்தார். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வீடு போச்சுன்னா தொழில் போச்சு மேடம். தொழில் போச்சுன்னா இன்னொரு வீட்டுக்கு வாடகை எங்கேருந்து கட்டுறது? மெஷினோட வரேன்னு சொன்னா எவன் எனக்கு ரூம் கொடுப்பான், சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. ஒண்ணைப் புடுங்கினா ரெண்டும் வந்துரும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் கோபம் இந்த அலுவலகத்தில் பிரசித்தம். கதவை நான் சாத்தும் சத்தத்தை வைத்தே என் வழக்கு எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுவார்கள். அதே சூட்டில் பதில் கடிதம் எழுதினேன். "அந்த இடத்தில் எந்தத் தொழிலும் நடைபெறவில்லை." தடித்த எழுத்தில் போடாத குறை. அந்த வரியை எழுதிய கைக்கு அன்று ஏதாவது சுளுக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏனென்றால் நான் அந்த வீட்டின் படியில் அதுவரை ஒரு தடவைகூட ஏறவில்லை.

ஒன்று சொல்கிறேன். ஒரு இடம் வீடா கடையா என்ற கேள்வி மெஷின் இருக்கிறதா இல்லையா என்பதில் முடிந்துவிடுவதில்லை. எங்கே தூங்குகிறார், எங்கே உலை வைக்கிறார், வேலையாட்கள் உண்டா, பெயர்ப்பலகை உண்டா, அந்த இடத்தில் வாழ்க்கை பெரிதா வியாபாரம் பெரிதா என்று பார்ப்பார்கள். தன் வீட்டில், தன் கையால், சிறிய அளவில் ஒரு பெண் தைப்பது இந்த ஊரில் குற்றமே இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? முப்பது வருட அனுபவம். தெரிந்தும் அப்படி ஒரு பொய்யை எழுதி வைத்தேன். அதன் பிறகு நான் செய்ததெல்லாம் அந்த ஒரு வரியைக் காப்பாற்றத்தான். வசந்தாவைக் காப்பாற்ற அல்ல. இந்த வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? கடிதத்தில் சொன்னதையே கதிரேசனின் உறுதிமொழிப் பத்திரத்தோடு நீதிமன்றத்தில் வழக்காகப் போட்டார்கள். தொழில் இல்லை என்றால் வந்து பார்க்கிறோம் என்றார்கள். வியாழக்கிழமை இரு தரப்பும் சேர்ந்து வீட்டைப் பார்ப்பதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமைதான் நான் முதல் தடவையாக மாடி ஏறினேன்.

கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். கூடத்திலேயே நல்ல இடம், ஜன்னல் பக்கம், காற்றும் வெளிச்சமும் வருகிற இடம், அங்கே மெஷின் அரசி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கொடியில் ரவிக்கைகள். மேசையில் அளவு எழுதிய சீட்டுகள். என் கடிதத்தின் அந்த வரி காதுக்குள் கேட்டது.

"அக்கா, வியாழக்கிழமை அவங்க வர்றப்ப வீடு வீடு மாதிரி இருக்கணும்" என்றேன்.

"இது வீடுதானே மேடம்?"

"ஆமா. பாக்கறவங்களுக்கும் அப்படித் தெரியணும்."

வசந்தா மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப இது?"

"நான் ஒண்ணும் சொல்லலைக்கா."

அவ்வளவுதான் பேச்சு. எடுத்து ஒளித்து வை என்று நான் வாயால் சொல்லவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. புரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு படி இறங்கினேன். இப்படிப்பட்ட சாமர்த்தியத்துக்கு நல்ல தமிழில் அயோக்கியத்தனம் என்று பெயர். இந்த வயதில் அதை மெழுகி எழுத எனக்கு விருப்பமில்லை.

வியாழக்கிழமை காலை நான்கு பேர் மாடி ஏறினோம். வசந்தா, நான், கதிரேசன், அவருடைய வழக்கறிஞர். அந்த வழக்கறிஞர் ஒரு சீனப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. தமிழ் ஒரு சொல் தெரியாது; நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். கூடத்தில் மெஷின் இல்லை. ஃபேரர் பார்க்கில் இருக்கும் தோழி வீட்டுக்கு அதை அனுப்பிவிட்டார் வசந்தா. கொடி இல்லை. அளவுச் சீட்டு ஒன்றுகூட இல்லை. மெஷின் இருந்த இடத்தில் ஒரு நாற்காலி, அதன்மேல் புது உறை, பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜா. வீடு என்று பலகை மாட்டாததுதான் பாக்கி.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிதானமாகப் பார்த்தார். படுக்கையறையைப் பார்த்தார். சமையலறையைப் பார்த்தார், அங்கே அலமாரியில் சாமி படங்கள் இருந்ததையும் பார்த்தார். பிறகு கூடத்துக்கு வந்து அந்த நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரின் முன் நின்றார்.

"இந்தச் சிவப்புப் புள்ளிகள் என்ன?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரே வரிசையில் பதினோரு பொட்டு. ஒவ்வொன்றும் சந்தனம் வைத்து மேலே குங்குமம். இடது ஓரத்தில் இருந்தது மங்கிப் போய் வெறும் மஞ்சள் கறை. வலது ஓரத்தில் இருந்தது பளிச்சென்று இருந்தது. பதினோரு வருடமாகச் சுவருக்கு ஒரு கோட் வர்ணம் அடிக்க மனம் வராத கதிரேசனின் சிக்கனத்தால் அத்தனையும் அப்படியே இருந்தன.

செவ்வாய்க்கிழமை இதே சுவரைத்தான் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் படவே இல்லை. என் அம்மா ஆயுத பூஜை அன்று குளிர்சாதனப் பெட்டிக்கும் பொட்டு வைப்பார், தண்ணீர்க் குழாய்க்கும் வைப்பார், என் பள்ளிக்கூடப் பைக்கும் வைப்பார். பொட்டு இல்லாத சுவரைப் பார்த்தால்தான் எனக்கு வித்தியாசமாக இருக்கும். அந்தச் சீனப் பெண்மணிக்கு அப்படி இல்லை. காலி இடத்துக்கு மேலே எதற்குப் பதினோரு புள்ளி என்று அவருக்குத் தோன்றியது.

"அது சாமி விஷயம், வழிபாட்டு அடையாளம்" என்றேன் அவசரமாக.

"சாமி அலமாரி சமையலறையில் இருக்கிறதே? இங்கே எதை வைத்து வழிபட்டார் என்று அவரிடம் கேட்டுச் சொல்கிறீர்களா?"

நான் வசந்தாவின் பக்கம் திரும்பினேன். கண்ணால் ஏதோ சொல்லவும் பார்த்தேன் என்று நினைக்கிறேன். "சுவத்துல எதுக்குப் பொட்டு வச்சீங்கன்னு கேக்கறாங்கக்கா."

வசந்தா என் கண்ணைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"மெஷினுக்கு வச்சது. ஆயுத பூஜைக்கு வருஷத்துக்கு ஒண்ணு. மெஷின் மேலயே வச்சா குங்குமம் துணியில பட்டுரும், கல்யாணப் புள்ளைங்க ரவிக்கையெல்லாம் வரும், கறையாயிரும். அதான் பின்னால செவுத்துல வைப்பேன்." அந்த நாற்காலியைக் காட்டினார். "மெஷினை எடுத்து வச்சுட்டேன் மேடம். ஆனா சாமிக்கு முன்னாடி வச்ச பொட்டை இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

நான் அதை அப்படியே, ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். தயவுசெய்து இதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். இரண்டு முழம் தள்ளிக் கதிரேசன் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இரண்டு காதிலும் தமிழ் நன்றாகவே கேட்கும். அவர் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

கதிரேசன் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தேன். அவரோ சுவரின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடையில் ஆள் இல்லை என்று முணுமுணுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னோடு படி இறங்கினார். வேறு யாராக இருந்தாலும் அந்தப் படியிலேயே என்னை வறுத்து எடுத்திருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயம் எடுத்திருப்பேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இன்று பார்த்ததை நான் எழுதித்தான் ஆக வேண்டும். திங்கட்கிழமை எழுதப் போகிறேன். நான் உங்களைப் பற்றி எழுதி நீதிபதி படிப்பதைவிட, நீங்களே எழுதி நான் படிப்பது நல்லது." சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அந்த மூன்று நாளை அவர் எனக்குக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. எதிரில் நிற்பவரை எதிரி என்று நினைத்துக்கொண்டே பாதி வாழ்க்கையை ஓட்டியவள் நான். அந்தப் படியில் எனக்கு வெட்கமாக இருந்தது.

அலுவலகத்துக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். வசந்தாவைத் திட்டினேன், இந்த அம்மாவுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதா என்று. சுவரைத் திட்டினேன். கதிரேசனின் கஞ்சத்தனத்தைத் திட்டினேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது கதவருகே ஜூனியர் நின்றிருந்தாள். வழக்கறிஞராகி நான்கு வருடம். கையில் என் பதில் கடிதத்தின் நகல்.

"மேடம், ஒண்ணு சொல்லவா? திட்டாதீங்க லா."

"சொல்லித் தொலை."

"செவ்வாக்கிழமை நீங்க அங்க போனீங்க. வியாழக்கிழமை மெஷின் இல்ல. நடுவுல என்ன நடந்துச்சுன்னு கோர்ட்டுல கேப்பாங்க. அதுக்கு வசந்தா ஆன்ட்டி மட்டும் பதில் சொன்னா, எல்லாப் பழியும் அவங்க மேல விழும். வீடும் போயிரும், பொய் சொன்னவங்கன்னு பேரும் வந்துரும்." கடிதத்தின் நகலை என் மேசைமேல் வைத்தாள். "நீங்க இப்ப லாயர் இல்ல மேடம். விட்னெஸ். இந்தக் கேஸை நீங்க பேச முடியாது."

நான் அவளை முறைத்தேன். அவள் போகவில்லை. முழங்கால் நடுங்குவது பாவாடைக்கு மேலேயே தெரிந்தது, ஆனால் போகவில்லை. உங்கள் யாருக்காவது மூத்தவரிடம் ஒரு உண்மையைச் சொல்ல பயமாக இருந்தால், இவள் அறைக்குப் போய் அந்த முழங்காலைப் பற்றிக் கேளுங்கள்.

சனிக்கிழமை காலை மறுபடி மாடி ஏறினேன். வசந்தாவிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். தப்பு என்னுடையது. நான் எழுதிய ஒரு வரிக்காக உங்களைப் பொய்யில் இறக்கிவிட்டேன். நடந்ததை நான் எழுதிக் கொடுக்கப் போகிறேன். வழக்கை ஜூனியர் நடத்துவாள். வேண்டாம் என்றால் வேறு அலுவலகத்துக்குப் போங்கள், நல்ல ஆளாக நானே சொல்கிறேன். என்னைத் திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப மெஷினை எடுத்துட்டு வந்துரலாமா மேடம்?" என்றார். "நாலு நாளா கையே ஓடலை."

அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரே போய்த் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடிக்கும்போதுதான், ஏதோ நினைவு வந்தவர்போல, சுவரின் இடது ஓரத்தைக் காட்டினார்.

"அந்த மொத பொட்டு நான் வச்சதில்ல. அண்ணன் வச்சது."

"எந்த அண்ணன்?"

"கீழ இருக்கற அண்ணன்தான். நான் குடிவந்த வருஷம். குங்குமம் எந்தப் பொட்டியில இருக்குன்னே தெரியல. அவர் கடையிலேருந்து எடுத்துட்டு வந்து, அவரே வச்சு, அவரே சூடம் காட்டினாரு."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். சென்ற ஆண்டுதான் தெரிய வந்தது என்று உறுதிமொழி கொடுத்து எழுதியிருந்தாரே அந்த மனிதர்! குடிவந்த வருடமே மெஷினுக்குத் தன் கையால் பொட்டு வைத்தவர், தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்? தெரிந்தே பதினோரு வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கொடுத்தவர், இப்போது அதையே குற்றம் என்று எப்படிச் சொல்ல முடியும்? வழக்கின் உயிரே அந்தச் சுவரில் இருந்திருக்கிறது. அதை மறைக்கத்தான் நான் நாற்காலியும் பிளாஸ்டிக் ரோஜாவும் வைக்க வைத்திருக்கிறேன்.

"போட்டோ ஏதாவது இருக்காக்கா?"

"இல்ல மேடம். அப்பல்லாம் யாரு போட்டோ எடுத்தா? நானும் அவரும்தான் இருந்தோம்."

திங்கட்கிழமை காலை, எதிர்த்தரப்பு எழுதுவதற்கு முன்பே, எங்கள் தரப்பு இரண்டு உறுதிமொழிப் பத்திரங்களைக் கொடுத்தது. ஒன்று வசந்தாவுடையது: மெஷின் இருந்தது, இருக்கிறது, ஒன்றே ஒன்று, முதல் நாளிலிருந்து. இன்னொன்று என்னுடையது. இரண்டே பக்கம். என் வாழ்நாளில் எழுதியதிலேயே கஷ்டமான இரண்டு பக்கம் அதுதான்.

விசாரணை அன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் வழக்கில், என் கட்சிக்காரருக்கு, என் ஜூனியர் எழுந்து நிற்கிறாள். நான் பார்வையாளர் இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீதிபதி என் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வழக்கில் வழக்கறிஞரைவிடச் சுவர் நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறது" என்றார். அந்த வாக்கியம் எனக்கு இன்றும் மனப்பாடம். நான் வாங்க வேண்டிய அடிதான், வாங்கிக்கொண்டேன்.

கதிரேசன் சாட்சிக் கூண்டில் ஏறினார். அன்றும் நெற்றி நிறையத் திருநீறு. தமிழில் பதில் சொல்வதாகக் கேட்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றார். ஜூனியர் குறுக்கு விசாரணையைத் தொடங்கினாள். வாடகை ஒப்பந்தம், புதுப்பித்த தேதிகள், கடையும் மாடியும் ஒரே வாசல் என்பது, எல்லாம் நான் சொல்லிக் கொடுத்த வரிசைப்படியே போனது. முதல் பொட்டைப் பற்றி நேரடியாகக் கேட்காதே என்று அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நிரூபிக்கப் படம் இல்லை, சாட்சி இல்லை. இல்லை என்று அவர் ஒரு சொல் சொல்லிவிட்டால் வசந்தாவின் பேச்சு வெறும் பேச்சாகிவிடும். அதுவும் ஏற்கெனவே மெஷினை ஒளித்தவரின் பேச்சு. பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கவே கூடாது என்று உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்களே, அதேதான்.

ஜூனியர் வசந்தாவின் பத்திரத்தோடு இணைத்திருந்த சுவரின் புகைப்படத்தை எடுத்து அவர் கையில் கொடுக்கச் சொன்னாள். அடிப்பாவி, வேண்டாம் என்று மனசுக்குள் கத்தினேன். அவள் கதிரேசனின் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் அதை அழகான தமிழில் சொன்னார்:

"இந்தச் சுவரில் இடப்பட்டுள்ள முதலாவது பொட்டை இட்டவர் யார்?"

கதிரேசன் படத்தைப் பார்த்தார். படத்தை மேசைமேல் வைத்தார். மறுபடி எடுத்தார். அவருடைய வழக்கறிஞர் அசையவில்லை. வசந்தா தன் கையில் இருந்த கைக்குட்டையின் ஓரத்தைத் தையல் பிரிப்பவர்போல இழுத்துக்கொண்டிருந்தார். வீடா, தெருவா என்பது அந்த மனிதரின் வாயில் இருந்தது.

"முருகா" என்றார் மெதுவாக. பிறகு, "நான்தான் வச்சேன்."

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்குவதற்குள் அவரே தொடர்ந்தார். "குங்குமம் எங்க இருக்குன்னு தெரியலைண்ணேன்னாங்க. கடையிலேருந்து எடுத்துட்டுப் போனேன். மெஷின் மேல வைக்கப் போனேன், துணியில படும், செவுத்துல வைங்கண்ணேன்னாங்க. வச்சேன்."

"மற்ற பத்தும்?" என்று கேட்டார் நீதிபதி.

"அது அவங்க வச்சது ஐயா. குங்குமம் நம்ம கடையோடதுதான். வருஷா வருஷம் பொரி சாப்பிடக் கூப்பிடுவாங்க. போவேன்."

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து பத்து நிமிடம் கேட்டார். திரும்பி வந்து, வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். என்னைக் கடக்கும்போது தலையை மட்டும் லேசாக அசைத்தார். அதற்கு நான் பதிலுக்கு எழுந்து நின்றேன்.

நடைவழியில் ஜூனியரைப் பிடித்தேன். "ஏண்டி கேட்டே? இல்லைன்னு சொல்லியிருந்தா?"

"அன்னிக்கு மாடியில அவர் இடது ஓரத்தையே பாத்துட்டு நின்னாருன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? பொய் சொல்றதுன்னா அங்கேயே சொல்லியிருப்பாரு." நான் திட்டிக்கொண்டே சொன்ன ஒரு விவரத்தை அவள் எடுத்து வைத்திருக்கிறாள். எனக்குச் சட்டம் தெரியும் என்று முப்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதர்களை அவள் என்னைவிட நன்றாகப் பார்த்தாள்.

கதிரேசன் மின்தூக்கிக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். நன்றி என்றேன். எதிராளிக்கு, நீதிமன்ற நடைவழியில்.

"நீங்க எதுக்கு லாயரம்மா நன்றி சொல்றீங்க? அந்தப் பத்திரத்துல போன வருஷந்தான் தெரியும்னு எழுதிக் காட்டினாங்க, கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பேப்பருதானேன்னு இருந்துச்சு." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குக் குங்குமம் கொடுக்கிறேன். நான் வச்ச பொட்டை நான் வைக்கலைன்னு சொல்லிட்டு, மறுநாள் எப்படிக் கடையைத் தெறக்கறது?"

இதை உங்களுக்கு எழுதும்போது எத்தனை பேருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று நினைத்தாலே மனசு நிறைந்துவிடுகிறது. பொய் சொல்ல மறுத்த கட்சிக்காரர், மூன்று நாள் கொடுத்த எதிர்த்தரப்பு, முழங்கால் நடுங்க நின்ற ஜூனியர், ஒரே ஒரு சொல்லில் தன் பக்கத்தைத் தோற்கடித்துக்கொண்ட மனிதர். என் பெயரில் ஒரு வெற்றி என்று அது பதிவாகியிருக்கிறது. அதில் என் பங்கு நாற்காலியும் பிளாஸ்டிக் ரோஜாவும்தான். நீங்கள் பதில் கடிதம் எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை அந்த வீட்டுப் படியில் ஏறிவிடுங்கள். கோபம் வந்தால் இரண்டு தடவை ஏறுங்கள்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு வசந்தா என்னையும் ஜூனியரையும் கூப்பிட்டிருந்தார். போனோம். மாடிக் கதவைத் திறந்ததும் வர்ண வாசனை. கூடம் முழுக்கப் புதுசாக இளமஞ்சள் வர்ணம் அடித்திருந்தது. கதிரேசனா செலவு செய்தார் என்று வாயைப் பிளந்தேன். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தேன். மெஷினுக்கு மேலே, சுவரில் ஒரு கை அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் பழைய அழுக்கு வெள்ளையாகவே இருந்தது, அதில் அந்தப் பதினோரு பொட்டும்.

"நான் சொல்லலை மேடம்" என்றார் வசந்தா. "பெயிண்டர் அடிக்க ஆரம்பிச்சதும் அண்ணனே மேல ஏறி வந்து, இங்க தொடாதேன்னு பென்சில்ல கோடு போட்டுட்டுப் போனாரு."

கோடு பதினோராவது பொட்டோடு நிற்கவில்லை. அதைத் தாண்டி வலது பக்கம் நீளமாகப் போயிருந்தது. ஜூனியர் அதை விரலால் அளந்துகொண்டிருந்தாள்.

"நானும் அளந்து பாத்துட்டேன்மா" என்று சிரித்தார் வசந்தா, சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டே. "இன்னும் ஒம்பது வைக்கலாம்."